ஒரு தலைமுடி உயரம்: கேப், பிரிட்ஜ், கடி பற்றி ஓர் அறிமுகம்

பல்லுக்கு கேப் போடும் நாளில், வேலை முடியும் நேரத்தில் மருத்துவர் மை பூசிய ஒரு நீலக் காகிதத்தைப் பற்களுக்கு நடுவில் வைத்து, "டக் டக்கென்று கடியுங்கள்" என்பார். கடிப்போம். கருவியை எடுத்து எங்கோ லேசாகத் தேய்ப்பார். மறுபடி காகிதம், மறுபடி கடி. இப்படி நாலைந்து முறை நடக்கும். நாற்காலியில் இருப்பவருக்கு இது ஏதோ கடைசிச் சடங்கு போலத் தோன்றும். எப்போது எழுந்து போகலாம் என்றிருக்கும். என் கணக்கில் அந்தச் சில நிமிடங்கள்தான் மொத்த வேலைக்கும் மதிப்பெண் போடும் நேரம். கேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் எதிர்ப்பல்லோடு ஒத்துப்போகாவிட்டால் நிம்மதி இருக்காது.

எவ்வளவு துல்லியமாக ஒத்துப்போக வேண்டும்? ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயற்கையான பற்கள் இரண்டுக்கு நடுவில் 20 மைக்ரான் தகடு சிக்கினாலே பலருக்கும் தெரிந்துவிடும். ஒரு முடி அளவு உயரமான கேப் என்றால் வாய்க்கு அது ஒரு மேடு.

இந்த மேடு எங்கிருந்து வருகிறது, ஏன் தொல்லை தருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கேப், பிரிட்ஜ், இம்பிளான்ட் எல்லாமே பாதி புரிந்துவிடும். அதனால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போவோம்.

கழற்ற முடியாத பல்

செயற்கைப் பல்லில் இரண்டு வகை. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கும் பல் செட் ஒரு வகை. ஒட்டிவிட்டால் நாமாகக் கழற்ற முடியாதது இன்னொன்று. இந்த இரண்டாம் வகையைத்தான் நிலையான சீரமைப்பு என்கிறோம்.

அதிலும் சின்னதும் பெரியதும் உண்டு. பல்லின் குழிக்குள் மட்டும் பொருந்தும்படி வெளியில் செய்து ஒட்டுவது இன்லே. கடிக்கும் முகட்டையும் சேர்த்து மூடினால் ஆன்லே. முன்பல்லின் முகப்பில் மட்டும் மெல்லிய ஓடு போல ஒட்டுவது வெனீர். பல் முழுவதையும் மூடுவது கிரவுன், அதாவது நாம் கேப் என்று சொல்வது. இல்லாத பல்லின் இடத்தை, இருபுறமும் உள்ள பற்களைத் தாங்கலாக வைத்து நிரப்பினால் அது பிரிட்ஜ். எலும்பிலேயே டைட்டேனியம் திருகைப் பதித்து அதன்மேல் கேப் வைத்தால் இம்பிளான்ட்.

இது நவீன யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். கி.மு. ஏழாம் நூற்றாண்டு வாக்கிலேயே, இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் தங்கப் பட்டையை வளைத்துப் பக்கத்துப் பற்களைச் சுற்றி மாட்டி, நடுவில் மாற்றுப்பல்லை நிறுத்தியிருக்கிறார்கள். தாங்கும் பல், தொங்கும் பல், இரண்டையும் சேர்க்கும் இணைப்பு என்ற அமைப்பு அன்றே இருந்தது.

பல்லுக்கு அடியில் ஒரு மெத்தை

பல்லின் மேலே எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் 96 சதவீதம் கனிமம். கடிக்கும் முகட்டில் அதன் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கும். அதற்குள் டென்டைன், அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழ். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். கடியைப் புரிந்துகொள்ள முக்கியமான பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வேரைச் சுற்றி இருக்கிறது.

சுவரில் ஆணி அடித்தது போல வேர் எலும்பில் இறுகியிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அதை நார்கள் நிரப்பியிருக்கின்றன. பல் அந்த நார்களில் ஊஞ்சல் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். இதற்குப் பெயர் பல்சூழ் தசைநார். கடிக்கும்போது பல் மெல்ல உள்ளே அமுங்கும், விட்டால் மேலே வரும். அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளும் இங்கேதான் இருக்கின்றன. சாப்பிடும்போது சிறு கல் அகப்பட்டால், நாம் யோசிப்பதற்கு முன்பே தாடை சட்டென்று திறந்துகொள்வது இந்த நரம்புகளின் வேலை.

இப்போது உயரமான கேப்புக்கு வருவோம். வாயை மூடும்போது மற்ற பற்கள் சந்திப்பதற்கு முன்பே இந்த ஒரு பல் எதிர்ப்பல்லைத் தொட்டுவிடுகிறது. பல பற்கள் பகிர வேண்டிய சுமை ஒரு நொடி இது ஒன்றின்மேல் விழுகிறது. ஆரோக்கியமான ஒருவர் கடைவாய்ப்பற்களால் முழு பலத்தோடு கடித்தால் 50 கிலோ எடை அழுத்துவதற்குச் சமமான விசை சாதாரணமாக வந்துவிடும். தினமும் நூற்றுக்கணக்கான முறை அப்படி இடி வாங்கினால் அந்த நார்ப்படுகை வீங்கிப்போகும். வீங்கினால் பல் இன்னும் கொஞ்சம் மேலே எழும். எழுந்தால் இன்னும் முன்னதாக இடிக்கும். கேப் போட்ட இரண்டாம் நாளே "மெல்ல முடியல, அந்தப் பக்கமே கடிக்க முடியல" என்று திரும்பி வருபவர்களில் நிறையப் பேருக்கு நடப்பது இதுதான். வேர் சிகிச்சை செய்து நரம்பை எடுத்துவிட்ட பல்லிலும் இந்த வலி வரும். ஏனென்றால் எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை; வலிப்பதோ பல்லுக்கு வெளியே இருக்கும் மெத்தை.

உரலும் உலக்கையும்

மேல்வரிசைப் பற்கள் டப்பாவின் மூடி போல, கீழ்வரிசையைச் சற்று வெளியிலிருந்து கவிந்து நிற்கின்றன. முன்பற்களில் மேல்பல் கீழ்ப்பல்லை 2 முதல் 3 மில்லிமீட்டர் மறைப்பது வழக்கமான அமைப்பு. கண்ணாடி முன் நின்று பற்களைச் சேர்த்துக் கடித்துப் பார்த்தால் தெரியும்.

பின்பற்களில்தான் சுவாரசியம். கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு தட்டையானது அல்ல. மேடுகளும் குழிகளுமாக இருக்கும். கீழ்ப்பற்களின் கன்னப்பக்க மேடுகள் மேல்பற்களின் குழிகளில் போய் உட்காரும். மேல்பற்களின் அண்ணப்பக்க மேடுகள் கீழ்ப்பற்களின் குழிகளில் உட்காரும். உலக்கையும் உரலும் மாறி மாறி அமைந்தது போல. இந்த மேடுகள்தான் உணவை இடிக்கின்றன, வாய் மூடும் உயரத்தையும் தாங்கிப் பிடிக்கின்றன. எனவே இவற்றை வேலை செய்யும் மேடுகள் என்பார்கள். மற்ற மேடுகள், கன்னமும் நாக்கும் நடுவில் மாட்டிக் கடிபடாமல் தள்ளிவைக்கும் வேலிகள்.

எல்லா மேடுகளும் தங்கள் குழிகளில் முழுதாக உட்கார்ந்த நிலைக்கு முழுக்கடி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒரு பல் எதிர்வரிசையில் இரண்டு பற்களைச் சந்திக்கும். கீழ் நடு வெட்டுப்பல்லும் மேல் கடைசிக் கடைவாய்ப்பல்லும் மட்டும் ஒரே பல்லைச் சந்திப்பவை. ஒரு பல் போனால் எதிரில் உள்ள பல்லுக்குத் துணை அடியோடு போய்விடாமல் இருப்பதற்கு இந்தக் கோத்த அமைப்பு உதவுகிறது.

முதல் கடைவாய்ப்பல் எப்படிச் சந்திக்கிறது என்பதை வைத்துத்தான் 1899இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் கடியை மூன்று வகையாகப் பிரித்தார். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன் கன்னப்பக்க மேடு, கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கப் பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாவது. முன்னே போய்விட்டால் மூன்றாவது. நூற்றாண்டு தாண்டியும் பல் மருத்துவர்கள் இதே எண்களைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு சின்னச் சோதனை. இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும். தாடைத் தசைகள் ஓய்வாக இருக்கும்போது நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான் பற்கள் சந்திக்க வேண்டும். நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் அது கொஞ்ச நேரம்தான். வேலை பார்க்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களும், தூக்கத்தில் நறநறவென்று அரைப்பவர்களும் இந்தக் கணக்கை உடைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் போடும் கேப்புக்கும் தனி யோசனை வேண்டும்.

தாடை அசையும்போது

இதுவரை சொன்னது நிற்கும் படம். தாடையோ நின்ற இடத்தில் நிற்பதில்லை.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை மூட்டு கதவுக் கீல் போலச் சுழலும். அதற்கு மேல் திறக்கும்போது மூட்டின் தலை முன்னால் நழுவி வருவதை விரல் உணரும். கதவு திறந்துகொண்டே கீலும் இடம்பெயர்ந்தால் எப்படி இருக்கும்! தாடை மூட்டு அப்படிப்பட்டது. பக்கவாட்டில் அசைக்கும்போது ஒரு பக்கத் தலை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே சுழல, மறுபக்கத் தலை முன்னும் கீழும் உள்ளுமாக நகரும்.

இப்படி நகரும்போது பின்பற்களின் மேடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போனால் என்ன ஆகும்? பக்கவாட்டு விசை பல்லுக்கு ஆகாது. நேராக மேலிருந்து வரும் சுமையை வேர் நன்றாகத் தாங்கும். பக்கத்திலிருந்து தள்ளினால் நட்ட கம்பத்தைப் பிடித்து ஆட்டுவது போலத்தான். இதற்கு வாயில் ஓர் ஏற்பாடு உண்டு. தாடையை முன்னே தள்ளினால் கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களின் உட்புறச் சரிவில் ஏறி, பின்பற்களைப் பிரித்துவிடும். பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் அந்த வேலையைச் செய்யும். வரிசையில் மிக நீளமான வேர் கோரைப்பல்லுடையது. அது மூட்டிலிருந்தும் தள்ளி இருக்கிறது. கத்தரிக்கோலின் நுனியில் வெட்டும்போது பலம் குறைவதும், ஆணிக்குப் பக்கத்தில் வெட்டும்போது பலம் கூடுவதும் தெரியும் அல்லவா? தாடையிலும் அதே கதை. மூட்டுக்கு அருகில் இருக்கும் கடைவாய்ப்பல்லில் விசை அதிகம்; தள்ளி இருக்கும் கோரைப்பல்லில் குறைவு. பக்கவாட்டு உரசலை நீண்ட வேர் உள்ள, விசை குறைந்த இடத்துப் பல் ஏற்றுக்கொள்வது நியாயம்தானே.

மாறாக, நேராக மூடும்போது பின்பற்கள் சுமையைத் தாங்கி முன்பற்களைக் காக்கின்றன. அசையும்போது முன்பற்கள் பின்பற்களைக் காக்கின்றன. இதைப் பரஸ்பரப் பாதுகாப்புக் கடி என்கிறார்கள். எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்றில்லை. கோரைப்பல் தேய்ந்துபோன பலருக்கு அந்தப் பக்கத்துப் பற்கள் கூட்டாகச் சேர்ந்து வழிகாட்டும். அதுவும் நன்றாகவே வேலை செய்யும்; நோயில்லாத வாயில் அதைப் "பிழை" என்று திருத்தப் போவது வீண் வேலை. முழு பல் செட்டுக்கு மட்டும் விதியே வேறு: அசையும்போது இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

கேப் செய்யும்போது இதனால் வரும் சிக்கல்: டக் டக்கென்று கடிக்கும்போது சரியாக இருக்கும் கேப், பக்கவாட்டில் அரைக்கும்போது மட்டும் இடிக்கலாம். நேராகக் கடிக்கவைத்து மட்டும் சோதித்தால் இது தப்பிவிடும்.

இடம் செய்வது

கேப்புக்கு ஒரு தடிமன் உண்டு. பல்லைச் செதுக்காமல் அதன்மேல் கேப்பை வைத்தால் அந்தத் தடிமன் அப்படியே உயரமாகிவிடும். அதனால்தான் பல்லைச் சுற்றிலும் மேலும் செதுக்குகிறார்கள். "நல்ல பல்லை ஏன் இவ்வளவு தேய்க்கிறீர்கள்" என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில், கேப்புக்கு இடம் வேண்டும் என்பதுதான். உலோக கேப் என்றால் வேலை செய்யும் மேட்டில் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர், மற்ற மேட்டில் 1 மில்லிமீட்டர் போதும். உலோகத்தின்மேல் பீங்கான் படிந்த வகைக்கு 2 மில்லிமீட்டர் வரை தேவைப்படும். வேலை செய்யும் மேட்டில் கூடுதலாக எடுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்: இடி விழும் இடம் அது, அங்கே கேப் தடிமனாக இருக்க வேண்டும்.

இந்த இடம் குறைந்தால், கேப்பைச் செய்துதரும் லேபில் இருப்பவருக்கு இரண்டே வழிதான். கேப்பை மெல்லியதாகச் செய்யலாம், உடையும். தேவையான தடிமனில் செய்யலாம், உயரமாகும். உயரமான கேப்பை வாயில் வைத்துத் தேய்த்தால் மறுபடி மெல்லிய கேப்பிலேயே வந்து நிற்போம். கடைசி நாளில் லேபின் தலையில் விழும் பழி, பல நேரம் முதல் நாள் செதுக்கலில் தொடங்கியது.

அடுத்து, கேப் எப்படிக் கழலாமல் நிற்கிறது? சிமென்ட்தான் பிடித்துவைக்கிறது என்பது பாதி உண்மை. செதுக்கிய பல்லின் வடிவம்தான் முதலில் பிடிக்கிறது. சிமென்ட் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியை அடைத்துப் பூட்டுகிறது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய டம்ளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் நேராக நிற்கும் டம்ளர்கள் இறுகிக்கொள்ளும். அகன்று விரிந்தவை தொட்டதும் கழன்றுவிடும். பல்லின் சுவர்களும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும், ஆனால் கேப் உள்ளே இறங்குமளவு சின்னச் சரிவும் வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் சேர்ந்து 10 முதல் 20 டிகிரி சரிந்திருந்தால் நல்லது. உயரமும் முக்கியம்: கடைவாய்ப்பல்லில் செதுக்கியபின் குறைந்தது 4 மில்லிமீட்டர் உயரமாவது மிஞ்ச வேண்டும்.

வேர் சிகிச்சை செய்த, பாதி உடைந்த பல்லில் இன்னொரு விஷயம். உலக்கை நுனியில் இரும்புப் பூண் போட்டிருப்பார்கள். மரம் பிளக்காமல் அது இறுக்கிப் பிடிக்கும். கேப்பின் கீழ்விளிம்பும் அப்படித்தான். ஈறுக்கு மேலே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் வளையமாக மிஞ்சியிருந்தால் கேப் அதைப் பூண் போலச் சுற்றிப் பிடிக்கும். அது இல்லாமல் வேருக்குள் செருகிய கம்பியை மட்டும் நம்பிப் போட்ட கேப், கம்பியோடு கழன்று வரலாம், இல்லாவிட்டால் வேரையே பிளக்கலாம். "எப்படியாவது இந்தப் பல்லைக் காப்பாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பவரிடம் மருத்துவர் தயங்குவதற்குப் பெரும்பாலும் இந்த 2 மில்லிமீட்டர்தான் காரணம்.

விளிம்பைப் பற்றிச் சுருக்கமாக: கேப் முடிந்து பல் தொடங்கும் அந்தக் கோட்டில்தான் சொத்தை திரும்ப நுழையும். விளிம்பை ஈறுக்கு மேலேயே வைக்க முடிந்தால் துலக்குவதற்கு எளிது. அழகுக்காக ஈறுக்குள் கொண்டுபோனாலும் ஓரளவுக்கு மேல் போகக் கூடாது. எலும்புக்கு மேலே ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் பட்டை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அதற்குள் கேப் அத்துமீறினால் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் ஈறு சிவந்து ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

செதுக்கி அளவெடுத்ததும் தற்காலிக கேப் வைத்து அனுப்புவார்கள். அது வெறும் ஒப்புக்கு வைத்தது என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். எதிர்ப்பல்லுக்குத் தடுக்க ஆள் இல்லாவிட்டால் அது நீண்டு வரும், பக்கத்துப் பற்கள் உள்ளே சாயும். தற்காலிக கேப் கழன்று விழுந்து இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தால், அளவெடுத்த அன்று சரியாக இருந்த கேப் இன்று உயரமாக இருக்கும். யார் மேலும் தப்பில்லை, பல் நகர்ந்துவிட்டது. கழன்றால் அன்றே திரும்ப ஒட்டிக்கொள்வது நல்லது.

நடுவில் தொங்கும் பல்

பிரிட்ஜில் மூன்று பாத்திரங்கள்: தாங்கும் பல், அதன்மேல் உட்காரும் கேப், நடுவில் வேரில்லாமல் தொங்கும் பல். தொங்கும் பல்லுக்கு வரும் சுமையும் தாங்கும் பற்கள் தலையில்தான். அதனால் அவற்றின் வேர்கள் தகுதியானவையா என்று பார்க்க வேண்டும். 1926இல் இர்வின் ஆன்டே ஒரு கணக்குச் சொன்னார்: தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப்பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். இன்று இதைச் சட்டமாக யாரும் பிடித்துக்கொள்வதில்லை. எலும்பு குறைந்த பற்களும் ஈறு ஆரோக்கியமாக இருந்தால் பிரிட்ஜைத் தாங்கியிருக்கின்றன. ஆனாலும் முதல் மதிப்பீட்டுக்கு நல்ல கணக்கு.

இதைவிட எனக்குப் பிடித்தது உத்தரக் கணக்கு. இரண்டு சுவர்களுக்கு நடுவில் வைத்த மர உத்தரம் பாரத்தில் வளையும் அல்லவா? அந்த வளைவு நீளம் × நீளம் × நீளம் என்ற கணக்கில் கூடும். ஒரு பல் தொங்கும் பிரிட்ஜின் வளைவு 1 என்றால், இரண்டு பல் தொங்கினால் 8. மூன்று பல் தொங்கினால் 27! தடிமன் பாதியானாலும் வளைவு 8 மடங்காகும். "நாலு பல் சேர்த்து ஒரே பிரிட்ஜா போட்டுடுங்க" என்பது பேச எளிது. வளையும் உத்தரத்தின்மேல் பீங்கான் நிற்காது, வெடிக்கும். தாங்கும் பல்லின் சிமென்டும் விட்டுப்போகும். இணைப்பைத் தடிமனாக்கலாம் என்றால் அதற்கு அடியில் நூலோ பிரஷோ நுழைய இடமில்லாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடிப்பதில்தான் வேலை தெரிந்தவரின் கை இருக்கிறது.

பல்லை எடுத்து ஆண்டுக்கணக்கில் இடத்தைக் காலியாக விட்டவர்களுக்குக் கடி ஏற்கெனவே குலைந்திருக்கும். பின்னால் உள்ள பல் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும், எதிர்ப்பல் இறங்கி வந்து இடத்தை அடைத்திருக்கும். அந்த நிலையில் அப்படியே பிரிட்ஜ் போட்டால் சமதளமில்லாத தரையில் மேசை போட்டது போல ஆகும். இறங்கி வந்த எதிர்ப்பல்லை முதலில் சரிசெய்யாமல் நடுப்பல்லைச் செய்யக் கூடாது. இதைச் சொன்னால் "ஒரு பல்லுக்கு வந்தேன், இன்னொரு பல்லையும் இழுக்கிறார்" என்று தோன்றுவது இயற்கை. ஆனால் கடி என்பது எப்போதும் இரண்டு பல்லின் விவகாரம்.

இம்பிளான்டுக்கு மெத்தை கிடையாது

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரனெமார்க், 1952இல் முயல் எலும்பில் வைத்த டைட்டேனியம் எலும்போடு ஒட்டிக்கொண்டு எடுக்கவே வராததைக் கவனித்தார். 1965இல் முதல் மனிதருக்கு அந்த முறையில் பல் வைத்தார். எலும்பு நேரடியாக உலோகத்தைப் பற்றிக்கொள்வதுதான் இதன் பலம்.

அதுவே கடிக்குச் சிக்கல். முன்பே சொன்ன மெத்தை இங்கே இல்லை. அழுத்திக் கடித்தால் இயற்கைப் பற்கள் கொஞ்சம் அமுங்கும், இம்பிளான்ட் அசையாது. எல்லாப் பற்களும் லேசாகச் சந்திக்கும்போதே இம்பிளான்டும் சந்தித்தால், அழுத்தும்போது மற்றவை இறங்கிவிட, இது மட்டும் உயர்ந்து நின்று முழுச் சுமையையும் வாங்கும். அதோடு எச்சரிக்கும் நரம்பும் இல்லாததால் உயரமாக இருப்பது நமக்குச் சட்டென்று தெரியாது. எனவே தனி இம்பிளான்ட் கேப்பை வேண்டுமென்றே உயரத்தில் ஒரு துளி குறைவாக அமைப்பது பரவலான வழக்கம். 8 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. லேசாகக் கடிக்கும்போது அந்தத் தகடு இம்பிளான்ட் கேப்பில் நழுவி வர வேண்டும். அழுத்திக் கடித்தால் பிடிக்க வேண்டும். பக்கத்து இயற்கைப் பல்லிலோ லேசாகக் கடிக்கும்போதே பிடிக்கும்.

எந்தப் பொருள்?

விளம்பரங்களில் பேசுவது எல்லாம் பலம்தான். ஸிர்கோனியா என்ற பீங்கான் வகையின் வளைவு வலிமை (உடையாமல் வளைக்கும் விசையைத் தாங்கும் அளவு) பொதுவாக 900 மெகாபாஸ்கலைத் தாண்டும், லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிப் பீங்கான் 400 பக்கம், பழைய வகைப் பீங்கான் அதிலும் மிகக் குறைவு. பின்பல்லுக்கு ஸிர்கோனியா, ஒளி ஊடுருவும் அழகு தேவைப்படும் முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிக்கேட் என்று பொதுவாகத் தேர்வு போகும். தங்கக் கலவைக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு: மெல்லியதாக இருந்தாலும் உடையாது, எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்க்காது. நிறத்துக்காகத்தான் மக்கள் அதை விட்டுவிட்டார்கள்.

கேட்கவேண்டிய கேள்வி எதிர்ப்பல்லைப் பற்றியது. ஒரு பொருள் எதிர்ப்பல்லைத் தேய்ப்பது அதன் கடினத்தால் மட்டும் அல்ல, சொரசொரப்பாலும்தான். கண்ணாடி போலப் பளபளப்பாக்கிய ஸிர்கோனியா எனாமலை மென்மையாகவே நடத்துகிறது. கடி சரிசெய்யத் தேய்த்துவிட்டுப் பாலிஷ் போடாமல் விட்ட இடம் உப்புக் காகிதம் போல வேலை செய்யும். கேப்பைத் தேய்த்த பிறகு மருத்துவர் ரப்பர் முனை மாட்டி இன்னும் சில நிமிடம் எடுத்துக்கொண்டால் பொறுமையாக இருங்கள்.

மறுபடி நீலக் காகிதம்

கேப்பை வாயில் வைத்ததும் முதலில் கடியைப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பல்லோடு தொடும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இறுக்கமாக இருந்தால் கேப் முழுதாக இறங்காது. இறங்காத கேப் உயரமாகத்தான் இருக்கும். அப்போது மேற்பரப்பைத் தேய்த்தால் தப்பான இடத்தில் தேய்த்ததாகும். பல் இடுக்கு நூல் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, கிழியாமல் இறங்க வேண்டும். அப்புறம் விளிம்பு. அதற்கும் பிறகுதான் காகிதம்.

சிமென்டும் உயரத்தைக் கூட்டும். நீர் கலந்து குழைக்கும் சிமென்ட் 25 மைக்ரானுக்கு மேல் தடிக்கக் கூடாது என்பது தர அளவு. கேப்பை நிரப்பி வைத்துவிட்டுச் சரியாக அழுத்தாமல் விட்டால் அது தடித்து உறைந்துவிடும். ஒட்டுவதற்கு முன் சரியாக இருந்த கடி ஒட்டியபின் மாறுவது இதனால்தான். ஒட்டியபிறகும் ஒரு முறை பார்ப்பது அதற்காக.

காகிதத்தின் அடையாளத்தைப் படிப்பதும் ஒரு கலை. பெரிய கறை என்றால் பலத்த இடி என்று அர்த்தமில்லை. நடுவில் மை விலகி, சுற்றிலும் வளையமாகத் தெரிந்தால் அங்கேதான் அழுத்தம் அதிகம். தடித்த காகிதம் தொடாத இடத்தையும் கறைப்படுத்தும். ஈரப் பல்லில் நல்ல காகிதமும் பிடிக்காது. பலர் இரண்டு நிறம் வைத்துக்கொள்வார்கள். சிவப்பை வைத்து முன்னும் பக்கமும் அரைக்கச் சொல்வது, பிறகு நீலத்தை வைத்து நேராகத் தட்டச் சொல்வது. நீலம் இருக்க வேண்டிய அடையாளம். பின்பல் கேப்பில் நீலத்துக்கு அப்பால் சிவப்புக் கோடாக இழுத்திருந்தால் அது அசைவில் உரசும் இடம்.

நோயாளியின் பங்கும் இதில் உண்டு. நாற்காலியில் சாய்ந்து படுத்திருக்கும்போது கீழ்த்தாடை சற்றுப் பின்னால் போகும். நேராக உட்கார்ந்தும் ஒரு முறை கடித்துப் பார்க்கக் கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் உங்கள் வார்த்தையை நீங்களே முழுதாக நம்பாதீர்கள். உணர்வு திரும்பியபின்தான் உண்மை தெரியும். நாக்கின் பேச்சையும் அளவாகக் கேட்க வேண்டும். புதிதாக வந்த எதையும் நாக்கு மலையாக்கிச் சொல்லும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். கடியில் வரும் இடிப்பு அப்படி அடங்காது. "பழகிவிடும்" என்று விடுவது தப்பு. பழகியது போலத் தெரிந்தால் பல் அழுந்தியிருக்கும், எதிர்ப்பல் தேய்ந்திருக்கும், அல்லது நீங்களே அறியாமல் அந்தப் பக்கம் மெல்வதை விட்டிருப்பீர்கள்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். தாடை வலி, தலைவலி எல்லாவற்றுக்கும் கடிதான் காரணம் என்று நல்ல பற்களையெல்லாம் தேய்த்துச் "சமன்" செய்த காலம் ஒன்று இருந்தது. தாடை மூட்டு வலிக்குக் கடியை முதன்மைக் காரணமாக இன்றைய ஆய்வுகள் காட்டவில்லை. புதிதாக வைத்த கேப் இடித்தால் கேப்பைத் தேய்க்கலாம். வலி என்று சொன்னவரின் வாய் முழுக்கத் தேய்ப்பது திரும்ப எடுக்க முடியாத வேலை. இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கேப் போட்டு ஒரு வாரம் வரை குளிர்ச்சிக்கு லேசாகக் கூசுவதும், ஈறு ஓரத்தில் சற்று எரிவதும் நடக்கக்கூடியவை. கடிக்கும்போது குறிப்பாக அந்தப் பல் வலித்தால் மட்டும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். திரும்பிப் போகும்போது "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், வாயை மெல்ல மூடும்போது முதலில் எது தொடுகிறது, நேராகக் கடித்தாலா பக்கமாக அரைத்தாலா, காலையில் எழுந்ததும் அதிகமா சாப்பிட்ட பிறகு அதிகமா என்று கவனித்துச் சொல்லுங்கள். முதலில் தொடுவது எது என்று சொன்னாலே காகிதம் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.